சேராமல் கடக்கும் கோடுகள்

என் முதல் வெளிநாட்டு வேலையைத் திருச்சியில் ஒரு தகரக் கொட்டகைக்குள் வைத்துக் கோட்டைவிட்டேன். கைக்கு எட்டியதை நானே தட்டிவிட்டேன் என்றும் சொல்லலாம்.

நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். கல்ஃபில் மறுபடி ஆள் எடுக்க ஆரம்பித்திருந்த நேரம் அது. கம்பெனிக்காரர்களே நேரில் வந்து ட்ரேடு டெஸ்ட் வைப்பார்கள். கையில் ஒரு வரைபடத்தைக் கொடுத்து, இதன்படி குழாயை வெட்டிப் பொருத்து என்பார்கள். அந்த வரைபடத்துக்கு ஐசோமெட்ரிக் என்று பெயர். நீளம், அகலம், உயரம் மூன்றையும் ஒரே தாளில் காட்டும் வித்தை அது. நிமிர்ந்து நிற்கும் கோடு என்றால் குழாய் மேலே ஏறுகிறது, இந்தப் பக்கம் சாய்ந்தால் கிழக்கு மேற்கு, அந்தப் பக்கம் சாய்ந்தால் தெற்கு வடக்கு. ஐ.டி.ஐ.யில் சொல்லித்தான் கொடுத்தார்கள். நான்தான் அந்த வகுப்பில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்குக் கொடுத்த வரைபடத்தில் இரண்டு குழாய்க் கோடுகள் ஓரிடத்தில் குறுக்கே கடந்தன. கடக்கும் இடத்தில் ஒரு கோட்டை மட்டும் கொஞ்சம் விட்டு வரைந்திருந்தார்கள். வரைந்தவன் அவசரத்தில் விட்டுவிட்டான் போலிருக்கிறது என்று நானே ஒரு முடிவு கட்டிக்கொண்டேன். ஸ்டோருக்குப் போய் நான்கு வாய் உள்ள இணைப்பு ஒன்றைக் கேட்டு வாங்கி, அங்கே இங்கே வெட்டி ஒட்டி, இரண்டு குழாயையும் அந்த இடத்தில் சேர்த்தும்விட்டேன். மற்றவர்கள் யாரும் அந்த இணைப்பை வாங்கவில்லை என்பது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சோதித்தவர் நரைத்த மலையாளி சூப்பர்வைசர். நான் செய்ததைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். திட்டவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

"தம்பி, இதில கேஸ் போகுது, அதில தண்ணி போகுது. ஒண்ணு மேலே, மற்றது கீழே. நீ ரெண்டையும் கல்யாணம் பண்ணி வெச்சுட்டே. பிளான்ட்ல இருக்கிற ஒருத்தனும் வீட்டுக்குப் போகமாட்டான்" என்றார். கொட்டகை முழுக்கச் சிரித்தது. "டிராயிங் படிக்கப் பழகிட்டு அடுத்த பேட்சுக்கு வா."

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று பின்னால் யோசித்ததுண்டு. நான் கீழ்வேளூர் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் மேடு என்றால் வரப்பு, பள்ளம் என்றால் வாய்க்கால். அதற்கு மேல் மேடு பள்ளம் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறி வெகுதூரம் போக வேண்டும். கிராம வரைபடத்தில் இரண்டு வாய்க்கால் கோடு தொட்டுக்கொண்டால் அங்கே தண்ணீர் பிரிகிறது, ஒரு மதகு இருக்கிறது என்று அர்த்தம். அத்தா, அதாவது என் தகப்பனார், குத்தகை நிலத்துக்கு முறைத் தண்ணீர் பாய்ச்சப் போகும்போதெல்லாம் கூடப் போய் வளர்ந்தவன் நான். இரண்டு கோடு கடந்தால் என் கண் தானாக அங்கே ஒரு மதகு வைத்துவிடும். மலையிலே பிறந்தவன் ஒருவன் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

இதில் பெரிய சிக்கல் என்னவென்றால், அதற்குச் சில வாரம் முன்னால்தான் எனக்கு நிக்காஹ் ஆகியிருந்தது. முத்துப்பேட்டையில் பெண். அவள் அத்தா கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தார். மாப்பிள்ளை சவுதி போகப் போகிறார் என்ற ஒரே சொல்லில்தான் சம்பந்தம் முடிந்தது. அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் நேரத்துக்கு வரவில்லை, குறுவையைக் கைகழுவிவிட்டு ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. குத்தகை நிலத்தை நம்பி எவரும் பெண் கொடுக்கும் காலம் இல்லை அது. அடுத்த பேட்சிலும் தவறிவிட்டால் எந்த முகத்தோடு மாமாவின் கடை வாசலைக் கடப்பது?

திருச்சியிலிருந்து நேராக முத்துப்பேட்டைக்குத்தான் போனேன். தாய்வீட்டிலேயே இருந்த என் மனைவி எனக்குச் சோறு போட்டுவிட்டு, சாப்பிட்டு முடிக்கும்வரை ஒன்றும் கேட்கவில்லை. கை கழுவி வந்த பிறகு, "என்ன படம் மச்சான் குடுத்தாங்க?" என்றாள்.

ஏன் தவறியது, யார் என்ன சொன்னார்கள், அத்தாவிடம் என்ன சொல்வது என்று எதுவும் இல்லை. என்ன படம் என்றுதான் கேட்டாள். எனக்கு மூக்கின்மேல் கோபம் வரும், அன்றைக்கும் வந்தது. "படத்தைப் பாத்து நீ என்ன செய்யப் போற?" என்றேன். அவள் ஒரு காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தாள். வரைந்து காட்டினேன். அந்த இடைவெளியையும் விட்டு வரைந்தேன்.

அவள் பார்த்தாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்துக் கோபத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவள் முகத்தில் வந்தது வேறு. ரொம்ப நாள் கழித்துப் பழைய சிநேகிதியைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தவள்போல அந்தத் தாளைப் பார்த்தாள்.

"இது ரெண்டும் ஒரு தளத்துல அமையாக் கோடு மச்சான்" என்றாள். "வெட்டவும் வெட்டாது, இணையாவும் போகாது. நாங்க பிளஸ் டூல வெக்டர்ல படிச்சோம். ஃபார்முலா இருக்கு. ஆனா எங்க டீச்சர் ஒரு நாளும் பைப்புன்னு சொல்லலை."

அவள் பிளஸ் டூ கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தவள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பெண் பார்க்கப் போனபோது பிரியாணி நன்றாகச் செய்வாள் என்றார்கள், குர்ஆன் ஓதத் தெரியும் என்றார்கள், இதை மட்டும் யாரும் சொல்லவில்லை. கல்லூரிக்கு மன்னார்குடி வரை பஸ்ஸில் போய் வர வேண்டும் என்பதால் படிப்பு அதோடு நின்றுபோயிருந்தது.

மறுநாள் காலையில் ஆரம்பித்தோம். இடம் சமையலறைக்கு முன்னால் இருந்த கூடம். அந்தக் காலத்தில் அந்த வீட்டு வழக்கப்படி புது மாப்பிள்ளை முன்னால் மாமியார் வர மாட்டார். என் மாமி சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவார். என்னிடம் சொல்ல வேண்டியதைக்கூட மகளிடம் சொல்வதாகத்தான் சொல்வார். அதனால் எங்கள் வகுப்புக்கு ஆரம்பத்திலிருந்தே கண்ணில் படாத ஒரு மாணவி உண்டு.

என் மனைவி கொண்டுவந்த சாமான்கள் ஒரு சல்லடை, விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்குகள், புரோட்டாவுக்குப் பிசைந்த மாவில் ஒரு உருண்டை, ஒரு தீப்பெட்டி. சல்லடையைத் தரைக்குச் சமமாகப் பிடித்தாள்.

"இது தளம்னு வச்சுக்கங்க. ஆனா ஓரம் கிடையாது. நாலு பக்கமும் போய்க்கிட்டே இருக்கும்."

"முத்துப்பேட்டையைத் தாண்டியா?"

"கடலைத் தாண்டி, சவுதியையும் தாண்டி" என்றாள். "இப்ப ஒரு ஈர்க்கு. இது தளத்தோட என்னென்ன செய்ய முடியும், சொல்லுங்க."

நான் ஏதோ சொன்னேன். அவள் செய்து காட்டினாள். ஈர்க்கைச் சல்லடைமேல் படுக்க வைத்தாள், கோடு தளத்துக்குள்ளேயே இருந்தது. சல்லடைக்கு மேலே சம உயரத்தில் பிடித்தாள், எவ்வளவு நீட்டினாலும் தொடாது என்றாள். பிறகு சல்லடையின் ஒரு கண்ணுக்குள் விட்டுக் குத்தினாள், ஒரே ஒரு புள்ளியில் ஊடுருவிப் போனது. "அவ்வளவுதான். நாலாவது ஒண்ணு கிடையாது. யாரு சொன்னாலும் கிடையாது."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொன்ன விதம் எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. எங்கே படிப்பது, எப்போது நிறுத்துவது, யாரைக் கட்டிக்கொள்வது என்று எல்லாவற்றையும் மற்றவர்கள் முடிவு செய்த வீட்டில், யாராலும் மாற்ற முடியாத ஒன்றை அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அடுத்தது இரண்டு தளங்கள். ஒன்று அவை இணையாகப் போகும், இல்லையென்றால் ஒரு நேர்க்கோட்டில் வெட்டும். சுவரும் தரையும் சேரும் விளிம்பைக் காட்டினாள். "நான் சொன்னாலும் கோடுதான், எங்க அத்தா வந்து சொன்னாலும் கோடுதான்." கதவுக்குப் பின்னால் மாமி கனைத்தார்.

செங்குத்துக்கு வந்தபோது எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. குழாயை நட்டு நிறுத்தும்போது குமிழி வைத்துச் சமம் காட்டும் ஸ்பிரிட் லெவலை ஒரு பக்கம் வைத்துப் பார்த்தால் போதாது, திருப்பி இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும் என்பது ஃபிட்டர் வேலையில் முதல் பாடம். அதைச் சொன்னேன். அவள் ஈர்க்கைச் சல்லடையில் நட்டு, மாவை அப்பி நிறுத்தி, தீப்பெட்டியின் மூலையை அடியில் ஒரு திசையில் வைத்துப் பார்த்தாள். திருப்பி இன்னொரு திசையில் வைத்துப் பார்த்தாள்.

"ரெண்டு கோட்டுக்குச் செங்குத்துன்னா போதும். தளத்துல அந்த அடி வழியாப் போற எத்தனையோ கோடு இருக்கு, எண்ணவே முடியாது. அத்தனைக்கும் அது செங்குத்துதான். ஒவ்வொண்ணா பாக்க வேண்டியதே இல்ல."

நான் ஆயிரம் தடவை கையால் செய்த காரியம் அது. ஆனால் இரண்டோடு ஏன் நிறுத்துகிறோம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மூன்றாவது பக்கம் கோணலாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற சந்தேகம் எனக்கு வந்ததே இல்லை. அது வர வாய்ப்பே இல்லை என்று அவள் சொன்னபோது, சும்மா கும்பலாகக் கிடந்த உலகம் ஒழுங்காக எழுந்து நின்றதுபோல இருந்தது. அவளிடமே சொன்னேன். அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது.

"நிக்காஹ்வுக்கு ரெண்டு சாட்சி போதும்ல. ஊரையே கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குறோமா? அது மாதிரி" என்றாள். பிறகு யோசித்து, "ஆனா ரெண்டு சாட்சியும் ஒரே திசையில நிக்கக் கூடாது. அப்படி நின்னா அது ஒரு சாட்சிதான்" என்று திருத்திக்கொண்டாள். உவமையில்கூட ஓட்டை விடமாட்டாள்.

அமையாக் கோடுகள்தான் எனக்கு மண்டையில் ஏறவில்லை. இரண்டு ஈர்க்கை ஒன்றுக்கு மேல் ஒன்று குறுக்காகப் பிடித்துக் காட்டினாள். கையில் பிடித்திருக்கும்போது புரிந்தது. தாளில் வரைந்தால் மறுபடி அங்கே மதகு வந்துவிடும். "பேப்பர்ல வெட்டிக்குது, அது பேப்பரோட குத்தம் மச்சான், பைப்போட குத்தம் இல்ல" என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். எனக்கு எரிச்சல் வந்து தாளைக் கசக்கிப் போட்டேன். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் வந்தது.

"மாப்பிள்ளைக்குப் புரியலைன்னா இன்னொரு தரம் சொல்லு. எனக்குப் புரிஞ்சிருச்சு."

என் முகத்தில் அசடு வழிந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். கசக்கிய தாளை நானே எடுத்துப் பிரித்து வைத்தேன்.

அது புரிந்தது கூடத்தில் இல்லை, எங்கள் ஊர்ப் பக்கம் போயிருந்தபோது. ஆற்றில் ஒருவழியாகத் தண்ணீர் விட்டிருந்தார்கள், சம்பாவுக்காவது ஆகட்டும் என்று ஊர் நாற்றங்காலில் இறங்கியிருந்தது. அத்தாவும் அம்மாவும் மருமகளை விருந்துக்கு அழைத்திருந்தார்கள். சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். பாசன வாய்க்காலைத் தாண்டி வடிகால் தெற்கே போகும் இடம் திடீரென்று நினைவுக்கு வந்தது. வயலுக்கு நல்ல தண்ணீர் கொண்டுவருவது வாய்க்கால், வயலில் மிஞ்சியதைக் கடலுக்குக் கொண்டுபோவது வடிகால். இரண்டும் சேரவே கூடாது. அதனால் அந்த இடத்தில் வடிகால் தலையைக் குனிந்து, வாய்க்காலுக்கு அடியில் ஒரு பெரிய குழாய் வழியாகப் புகுந்து, அந்தப் பக்கம் எழுந்து போகும். சைபன் என்போம். சின்ன வயதில் அதன் மேல் உட்கார்ந்துதான் கெண்டை பிடிப்பேன்.

எழுந்து உட்கார்ந்தேன். "மேல ஒரு தண்ணி, கீழ ஒரு தண்ணி, குறுக்கே. அதா நீ சொல்றது?"

அவள் எப்படிப்பட்ட இடம் என்று கேட்டாள். சொன்னேன். உடனே பார்க்க வேண்டும் என்றாள்.

வெயிலில் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து அழைத்துப் போனேன். புதுப்பெண்ணைக் கோடியக்கரைக்கும் வேளாங்கண்ணிக் கடற்கரைக்கும் கூட்டிப் போகிறவர்கள் உண்டு. சைபன் பார்க்கக் கூட்டிப் போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவள் புடவைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். மேலே வாய்க்காலில் செம்மண் நிறத் தண்ணீர் கிழக்கே போனது. கீழே வடிகால் கறுப்பாகத் தெற்கே வந்து சுவரடியில் சுழித்து உள்ளே போனது. அவள் ஒரு பூவரச இலையைப் பறித்து வடிகாலில் போட்டாள். அது சுவரோரம் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது. நான் குச்சியால் தள்ளிவிட்டேன். முழுகியது. அவள் மறுபக்கம் ஓடினாள். கொஞ்சம் பொறுத்து இலை அங்கே வந்து மிதந்தது.

"வந்துருச்சு" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் ஒரு குழந்தை பிறந்த செய்தி வந்ததுபோல இருந்தது. "நான் இதை ஒரு ஃபார்முலாவா மட்டும்தான் மச்சான் வச்சிருந்தேன். இப்படித் தண்ணியா ஓடும்னு தெரியாது."

அப்புறம் அவள் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். இந்த இரண்டு தண்ணீருக்கும் நடுவில் ரொம்பக் கிட்ட இருக்கும் இடம் எது? நேர் மேலே கீழே கடக்கும் இடம்தான், நடுவில் இருப்பது வாய்க்கால் தரையின் கனம் மட்டும் என்றேன். அங்கே ஒரு கோடு போட்டால் அது இரண்டுக்கும் செங்குத்தாக இருக்கும், வேறு எங்கே போட்டாலும் அப்படி அமையாது, அப்படிப்பட்ட கோடு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் என்றாள். இன்னொன்றும் சொன்னாள். சேராத இந்த இரண்டுக்கும் ஆளுக்கொரு தளம் உண்டு, அந்த இரண்டு தளமும் இணை, ஒன்று மாடி, மற்றது கீழ்வீடு. ஒரே வீட்டில் வேறு வேறு திசையைப் பார்த்துப் படுத்திருக்கும் இரண்டு பேர் மாதிரி. நான் அந்த இடத்தில் எத்தனையோ கெண்டை பிடித்திருக்கிறேன், ஒரு கோடுகூடப் பிடித்ததில்லை.

மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் எங்களைப் பார்த்து நின்றார். "என்ன தம்பி, தண்ணி அடைச்சுக்கிச்சா?" என்று கேட்டார். "இல்லங்க, சும்மா பாக்க வந்தோம்" என்றேன். புதுப்பெண்ணையும் சைபனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்.

அன்றைக்குப் பிறகு தாளில் கோடுகள் கடந்தால் எனக்கு மதகு தோன்றவில்லை. விட்டு வரைந்த இடைவெளி, கீழே முழுகும் தண்ணீராகத் தெரிந்தது. அதோடு அவள் விடவில்லை. கோணல்மாணலாக இருக்கும் இரண்டு ஈர்க்குகளுக்கு நடுவே இருக்கும் மிகக் குறைந்த தூரத்தைக் கண்ணாலேயே எப்படிக் கண்டுபிடிப்பது என்று தானாக ஒரு வழி யோசித்து வைத்திருந்தாள். எந்தப் பாடப்புத்தகத்திலும் அதை நான் பார்த்ததில்லை.

"ஒரு ஈர்க்கோட நுனியில கண்ணை வச்சு, அது நீளத்துக்கே பாருங்க. பாக்கப் பாக்க அது சுருங்கி ஒரு புள்ளி ஆயிடும். ஆயிடுச்சா? இப்ப இன்னொண்ணு கோடாத் தெரியுதா? அந்தப் புள்ளியிலேருந்து அந்தக் கோட்டுக்கு நேரா இறங்குங்க. அதுதான் தூரம்."

பார்த்தேன். ஈர்க்கு புள்ளியானது. ஒரு முழு நீளக் கோட்டை ஒரு புள்ளியாக்கிவிட்டு, மூன்று திசைக் கணக்கைச் சிலேட்டுக் கணக்காக இறக்கிவிட்டாள். அந்தக் கணத்தில் எனக்கு அவள்மேல் வந்தது அன்பு மட்டும் இல்லை, மரியாதை. எழுந்து நிற்க வேண்டும்போல இருந்தது. கூச்சமாக இருந்ததால் தண்ணீர் கேட்டேன்.

அடுத்த பேட்சுக்கு அதே கொட்டகை, அதே சூப்பர்வைசர். என்னை நினைவு வைத்திருந்தார். "கல்யாண புரோக்கர் வந்தாச்சு" என்று கூட இருந்தவரிடம் சொன்னார். வரைபடம் கொடுத்தார்கள். கடக்கும் கோடுகள் பழையதைவிட அதிகம். நான் ஒரு சுற்று எங்கே மேல், எங்கே கீழ் என்று மட்டும் பார்த்தேன். பிறகு வெட்டினேன், பொருத்தினேன், அசையாமலிருக்க அங்கங்கே பொட்டு வெல்டிங்காக டாக் அடித்தேன். ஸ்டோர் பக்கமே போகவில்லை.

அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு ஸ்டாண்டில் கோணலாக மாட்டியிருந்த இரண்டு கம்பிகளிடம் அழைத்துப் போனார். டேப்பைக் கையில் கொடுத்து, "இந்த ரெண்டுக்கும் மினிமம் கேப் எவ்வளவு?" என்றார். எனக்கு முன்னால் வந்தவர்கள் இங்கே ஒரு தடவை, அங்கே ஒரு தடவை என்று அளந்து பார்த்துக் குறைந்ததைச் சொல்லியிருந்தார்கள். நான் குனிந்து ஒரு கம்பியின் நுனியில் கண்ணை வைத்தேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். கம்பி புள்ளியாகும்வரை தலையை அசைத்தேன். ஆனதும் அந்தப் புள்ளியிலிருந்து நேராக இறங்கும் இடத்தை மற்றக் கம்பியில் குறித்து, அங்கிருந்து முதல் கம்பிக்கு டேப்பைப் பிடித்துச் சொன்னேன்.

அவர் சரிபார்த்தார். "இது எங்கே படிச்சே?"

"என் சம்சாரம் சொல்லிக் குடுத்தாங்க சார்."

"அவங்க எஞ்சினீயரா?"

"பிளஸ் டூ சார்."

டேப்பை என்னிடமிருந்து வாங்கிச் சுருட்டினார். "உன்னை வேண்டாம், அவங்களை அனுப்பு" என்றார். அப்புறம் தாளில் டிக் அடித்தார்.

நான் முத்துப்பேட்டைக்குப் போய் இதை அப்படியே சொன்னேன். மாமாவும் கூடத்தில் இருந்தார். அவர் மகளைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் மாமி, "நான்தான் அன்னைக்கே சொன்னேனே" என்றார். என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் அந்தப் பெருமையில் அவருக்கும் பங்கு உண்டு, நான் மறுக்கவில்லை.

விசா வந்தது. பயணத்துக்கு முந்தின நாள் காலையில் அவள் என் அட்டைப்பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஊறுகாய், பருப்புப்பொடி, கருவாடு, ஒரு கைலி. நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் சும்மா இருக்காதே. "உன்னாலதான் போறேன்" என்றேன். நன்றியாகத்தான் சொன்னேன்.

அவள் கை நின்றது.

"அதைச் சொல்லாதீங்க மச்சான்" என்றாள். குனிந்தபடியே இருந்தாள். "ரெண்டாந்தடவை திருச்சிக்குப் போறதுக்கு முந்தின நாள் கடைசியா ஒரு படம் போட்டுக் காட்டினீங்க. அதுல ஒரு வளைவைத் திசை மாத்திப் போட்டிருந்தீங்க. பாத்ததுமே தெரிஞ்சிருச்சு."

"ஆமா, நீதான் சொன்ன. உடனே திருத்தினேன்."

"உடனே சொல்லலை. நீங்க கவனிக்கலை, நான் அடுப்பை அணைச்சுட்டு வர்றேன்னு உள்ள போனேன். அடுப்பு எரியவே இல்ல. அங்க போய் நின்னேன். ஒண்ணும் சொல்லாம விட்டுடலாம்னு நெனச்சேன். தப்பா சொல்லிக்குடுக்கக்கூட வேணாம், சும்மா இருந்தாலே போதும். நீங்க இங்கயே இருந்துடுவீங்க."

அந்த வீட்டில் எல்லோரும் மாப்பிள்ளை போக வேண்டும் என்றுதான் அல்லாஹ்விடம் துஆ கேட்டார்கள். அவள் என்ன கேட்டாள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"அப்பறம் ஏன் வந்து சொன்ன?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பதிலைத் தேடுபவள்போல இல்லை, அதை எனக்கு எப்படிப் புரிய வைப்பது என்று யோசிப்பவள்போல என்னைப் பார்த்தாள்.

"அது தப்பா இருந்துச்சே மச்சான்" என்றாள். "தப்பா இருக்கறதைப் பாத்துட்டு எப்படிப் பேசாம இருக்கறது."

பிறகு கயிற்றின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். நான் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அவள் பெட்டியைச் சுற்றி நெடுக்கில் ஒரு சுற்று, குறுக்கில் ஒரு சுற்று போட்டு, அவிழாதபடி இறுக்கி முடிந்தாள்.